சாவிப் பலகையைப் பாராட்டிய அறிக்கை

போன மாதம் கவிதா போன் செய்தார். நான் கடைசியாக வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தில் என் மேசையில் இப்போது அவர்தான் இருக்கிறார். இனிமேல் தொழிலாளர் விடுதிகளை நேரில் போய்ப் பார்க்க வேண்டியதில்லையாம். தொழிற்சாலைக்காரர்களே கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவார்களாம். அதைப் பார்த்து அறிக்கை எழுதினால் போதுமாம்.

"அங்கிள், கட்டில், பைப்பு, டாய்லெட் எல்லாம் நீங்க எப்படி எண்ணுவீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்களேன். வீடியோ எடுக்கிறவங்களுக்கு அனுப்பிடலாம்."

எழுதிக் கொடுத்தேன். முப்பத்து நான்கு வரி. அனுப்பிய பிறகு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எண்ணும் முறையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதே முறைப்படி, ஒன்றுகூட விடாமல் எண்ணி, நான் எழுதிய ஓர் அறிக்கை ஒரு மனிதரை ஊருக்குப் போக விடாமல் செய்தது. அது அந்த முப்பத்து நான்கு வரியில் இல்லை. அதைத் தனியாக எழுதி வைக்கிறேன்.

நான் மலேசியாவில் குளுவாங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து அந்தத் தோட்ட ஆபீசிலேயே கிராணி, அதாவது எழுத்தர், ஆனேன். இருபத்தெட்டு வருடம் காலையில் வேலைக்கு வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில் ஆள்களை எண்ணினேன், மதியம் ரப்பர் பால் வாளிகளை எண்ணினேன். தோட்டம் கைமாறியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. புது முதலாளிக்கு எண்ணுவதற்குக் கணினி இருந்தது. ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வு நிறுவனம் ஆள் தேடியது. ஒன்பது நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் இரண்டு நாள் சாப்பாடு நன்றாக இருந்தது.

வேலை இதுதான். வெளிநாட்டில் பெரிய கடைகள் இருக்கின்றன. ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவிலும் குளுவாங்கிலும் செய்கிற மேசை, கட்டில், இழுப்பறைப் பெட்டிகளை அவை வாங்குகின்றன. அங்கே அவற்றை வாங்கும் மக்கள், இதைச் செய்தவனை அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா என்று இப்போது கேட்கிறார்கள். அதனால் கடைக்காரர்கள் எங்களை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். நாங்கள் பார்த்துவிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் கொடுப்போம். பச்சை என்றால் சரக்கு கப்பலேறும். சிவப்பு என்றால் துறைமுகத்துக்கே போகாது.

ஒருவருடைய கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, இன்னொருவர் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று நம் நாட்டிலேயே சட்டம் இருக்கிறது. எங்கள் தொழிலைவிட அந்தச் சட்டத்துக்கு வயது அதிகம். இருந்தாலும் பதினாறு வருடத்தில் நான் பார்த்த முதலாளிகளில் அந்தச் சட்டத்துக்காகக் கடப்பிதழ்ப் பெட்டியைத் திறந்தவர்கள் இரண்டு பேர். கப்பலுக்காகத் திறந்தவர்களை ஒரு கட்டத்துக்கு மேல் நான் எண்ணவில்லை.

எனக்கு மேலதிகாரி தங்கேஸ்வரி மேடம். சிலோன் தமிழ்க் குடும்பம். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் இருந்தவர். மேடம் என்னைவிட ஐந்து வயது இளையவர். வீட்டுப் பேச்சு அலுவலகத்திலும் அப்படியே வரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருக்கும்.

எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் முதலில் கழிவறை எங்கே என்று கேட்பார். ஆபீஸ் கழிவறையைக் காட்டுவார்கள். "இது இல்லை, வேலைசெய்யிற ஆக்கள் போறது" என்பார். போய்விட்டு வந்து கைகழுவத் தண்ணீர் வந்ததா, சோப்பு இருந்ததா என்று எழுதிக்கொள்வார். பிறகுதான் கூட்டம். தண்ணீர்ப் போத்தலைத் தவிர எதையும் வாங்கக் கூடாது. கரிபாப் பலகாரம் வைத்தால் பார்க்கலாம், தொடக் கூடாது. எதைப் பார்த்தாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லக் கூடாது.

கட்டில்களை எண்ணுவதற்கு இரண்டு தடவை நடக்க வேண்டும், எதிரெதிர் வாசலிலிருந்து. ஒவ்வொரு கட்டிலையும் கையால் தொட வேண்டும். பதினைந்து பேருக்கு ஒரு கழிவறை, ஒவ்வொருவருக்கும் பூட்டக்கூடிய ஓர் அலமாரி. பிறகு தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசி முடித்ததும் எங்கள் பெயர் அட்டையை அவர் கையில் கொடுக்க வேண்டும். அட்டையை வாங்கியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எங்களைக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் மேடம் விடமாட்டார். "கூப்பிடுற ஒருத்தருக்காகத்தான் மிச்சப் பேருக்கும் குடுக்கிறது."

அந்தத் தொழிற்சாலை தெப்ராவில் இருந்தது. மர இழுப்பறைப் பெட்டிகள் செய்வார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு அந்நியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் நேப்பாளிகள். முதல் ஆய்வில் கடப்பிதழ்கள் எல்லாம் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருந்தன. சிவப்புக் கொடுத்தோம். நான்கு மாதம் கழித்து, சரி செய்துவிட்டோம், வந்து பாருங்கள் என்று கடிதம் வந்தது. அந்த வாரம் மேடத்துக்குப் பினாங்கில் வேலை. நான் மட்டும் போனேன்.

அங்கே தொழிலாளர்களைக் கவனிக்கும் ஆள்பல நிர்வாகி சந்திரன். ஐம்பது வயதிருக்கும். என் பேச்சைக் கேட்ட இரண்டாவது நிமிடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அண்ணே, நீங்க குளுவாங் பக்கமா? எந்த எஸ்டேட்டு?"

சொன்னேன்.

"அடக் கடவுளே! எங்க மாமா அங்கதான் பால் காட்டுல இருந்தாரு. அப்ப நீங்க கிராணி வீட்டு ஆளா?"

"நான்தான் கிராணி."

"அதான் பார்த்தேன். பேனாவ சட்டைப்பையில ரெண்டு வச்சிருக்கீங்களே."

விடுதியில் புதிய இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. ஆள்கள் வேலையில் இருந்தார்கள். ஜாகா, காவலுக்கிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர், சாவிகளோடு வந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். உள்ளே கடப்பிதழ் இருந்தது. படத்தையும் பெயரையும் பட்டியலோடு ஒப்பிட்டேன். அலமாரி இருநூற்றுப் பன்னிரண்டு. கடப்பிதழ் இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று மணி பத்து நிமிடம் ஆயிற்று. எல்லாச் சாவிகளும் ஒருவர் கையில் இருந்ததை நான் வசதி என்று எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் ஜாகா கொட்டகையில் சாவிகளை மாட்டினார். பச்சை வண்ணம் பூசிய பலகை. எண் எழுதிய ஆணிகள். எங்கள் தோட்ட ஆபீசிலும் அப்படித்தான் இருக்கும். லயத்து வீட்டுச் சாவி, ஸ்டோர் சாவி, டிஸ்பென்சரி சாவி எல்லாம் கிராணி முதுகுக்குப் பின்னால் தொங்கும். ஒரு சாவி குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பலகையைப் பார்த்தபோது, இவர்கள் ஒழுங்கான ஆள்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சந்திரனிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே. அறிக்கையில் எழுதினேன்: "அலமாரிச் சாவிகள் பாதுகாவலர் கொட்டகையில் எண் வரிசைப்படி நேர்த்தியாகப் பேணப்படுகின்றன."

பச்சை கொடுத்தேன். கப்பல் போனது.

ஏழு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை என் கைப்பேசி ஒலித்தது. மலாயில் பேசியவர் தன் பெயர் பிரேம் பகதூர் என்றார். இழுப்பறைகளுக்கு உப்புத்தாள் தேய்க்கிறவர். முதல் ஆய்வில் நான் கொடுத்த அட்டையை வைத்திருந்தார்.

அவருடைய தகப்பனார் சனிக்கிழமை இறந்துவிட்டார். இவர் மூத்த மகன். அவர்கள் வழக்கப்படி பதின்மூன்றாம் நாள் காரியம். நமக்குப் பதினாறு. மூன்று நாள் குறைவு என்பதே எனக்குக் கவலையாக இருந்தது. புதன் ஐந்தாம் நாள்.

"லீவு கேட்டீர்களா?"

"கேட்டேன் அங்கிள். ஆர்டர் அவசரம், அடுத்த மாதம் போ என்கிறார்கள். பாஸ்போர்ட் கேட்டேன். உன் அலமாரியில்தானே இருக்கிறது என்கிறார்கள்."

"இல்லையா?"

"இருக்கிறது. சாவி ஜாகாவிடம். நிர்வாகி கடிதம் இல்லாமல் ஜாகா கொடுக்க மாட்டார்."

வெளிநாட்டுக் கடையின் புகார் எண்ணுக்கும் அவர் எழுதியிருந்தார். பதில் வந்திருந்தது. அதை எனக்கு ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினார். அவருடைய கடப்பிதழ் அவருடைய சொந்த அலமாரியில் இருப்பதை ஆய்வாளர் ஒருவர் நேரில் சரிபார்த்து உறுதி செய்திருக்கிறாராம்.

"அந்த ஆய்வாளர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா அங்கிள்? அவரிடம் கொஞ்சம் பேச முடியுமா?"

பேசுகிறேன் என்றேன்.

உடனே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் எட்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சந்திரனுக்குப் போன் செய்தேன். சத்தமில்லாமல் முடிந்துவிட்டால் அறிக்கையை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்களே எண்ணி சைன் போட்டீங்க. இப்ப நீங்களே கேட்டா எப்படி? சரி, தவுக்கே கிட்ட சொல்லிப் பார்க்கிறேன்லா. நாளைக்கு அடிங்க."

தவுக்கே என்றால் முதலாளி. மறுநாள் மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. வியாழன் பிற்பகல் மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

அவர் அறிக்கையை எடுத்து அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான் மேடம்."

"வடிவா எழுதியிருக்கிறீங்கள்."

பிறகு கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். எவ்வளவு நேரம் துடைத்தார் என்று அன்று நான் பார்க்கவில்லை.

"எப்ப போன் வந்தது?"

"இன்னைக்குக் காலையில" என்றேன்.

அறிவிக்காமல் ஒரு தொழிற்சாலைக்குப் போவதற்குக் கடைக்காரரின் அனுமதி வேண்டும். அதற்கு இரண்டு வேலை நாள். மேடம் அன்றே எழுதினார். வெள்ளி ஒரு நாள். சனியும் ஞாயிறும் அவர்கள் நாட்டில் விடுமுறை. திங்கட்கிழமை காலை அனுமதி வந்தது. அது பத்தாம் நாள்.

இடையில் ஒரு படிவத்தை நிரப்பும்படி மேடம் சொன்னார். கொடுத்த அறிக்கையைத் திரும்பப் பெறும் படிவம் அது. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்: புதிய ஆதாரம், வாடிக்கையாளர் கோரிக்கை, தட்டச்சுப் பிழை. எதில் குறியிடுவது என்று கேட்டேன்.

"ஒண்டிலயும் இல்லை. கீழ இடம் இருக்கு. உங்கட கையால எழுதுங்கோ."

"மேடம், பச்சையை எடுத்தா ஆர்டர் நிக்கும். ஓவர்டைம் போகும். அங்க இருநூத்திப் பன்னெண்டு பேர்..."

"ஒராளா இருநூறு பேரா எண்டு நீங்கள் கணக்குப் போட வேண்டாம். எத்தனை சாவி எண்டு கேட்டிருக்கினம். அது ஆரிட்ட இருக்கெண்டு எழுதுங்கோ. அவ்வளவுதான் எங்கட வேலை."

எழுதினேன். அலமாரிகளையும் கடப்பிதழ்களையும் எண்ணினேன், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கவில்லை, அதை ஒழுங்கு என்று பாராட்டியும் எழுதினேன், என் அறிக்கை தவறு. தகவல் கிடைத்த நாள் என்ற இடத்தில் வியாழக்கிழமைத் தேதியைப் போட்டேன். கையெழுத்திட வேண்டியவன் நான். அனுப்பச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

திங்கள் மதியம் இரண்டு மணிக்குப் போனோம். மேடம் கழிவறைக்குப் போய்விட்டு வந்தார். நான் கொட்டகைக்குப் போனேன். பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு சாவிகள் இருந்தன. ஜாகாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. சாவி எடுத்தவர் பெயரை அதில் எழுத வேண்டும். ஏழு வாரத்தில் ஒரே ஒரு பதிவு. என் பெயர்.

பிரேம் பகதூரைக் கூப்பிட்டார்கள். முப்பது வயதிருக்கும். தலையை மழித்திருந்தார். மழித்த தலையில் மரத்தூள் படிந்திருந்தது. உப்புச் சேர்க்கக் கூடாது என்பதால் கேண்டீன் சாப்பாட்டை விட்டு வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிடுகிறாராம். துக்க நாளில் தோல் செருப்பும் ஆகாதாம். தொழிற்சாலைத் தோல் பூட்ஸ் போட்டிருந்தார். தொழிலாளர்கள் பாதுகாப்புக் காலணி அணிந்திருக்கிறார்களா என்பது எங்கள் பட்டியலில் நாற்பத்தோராவது கேள்வி. அணிந்திருந்தார்.

சந்திரன் எங்களைக் கூட்ட அறையில் உட்கார வைத்தார். இன்னும் கையெழுத்திடாத படிவத்தை மேசையில் அவர் படிக்கும்படி வைத்தேன்.

"அண்ணே, நம்ம ஆளா இருந்துக்கிட்டு இப்படிப் பண்றீங்களே. போன வருசம் ஒம்பது பேரு ஓடிட்டான். ஓடினா இமிகிரேசன்ல நான்தான் நிக்கணும், தவுக்கே நிக்க மாட்டாரு. உங்க எஸ்டேட்டு ஆபீசுல சாவி எங்க இருந்துச்சு? சொல்லுங்க."

"பலகையில."

"அப்புறம்?"

மேடம் கேட்டார்:

"மிஸ்டர் சந்திரன், உங்கட பாஸ்போர்ட் எங்க?"

அவர் சட்டைப்பையைத் தொட்டார். சிங்கப்பூர் எல்லை பக்கத்தில் என்பதால் ஜொகூர் பாருவில் பாதிப் பேர் கடப்பிதழை அடையாள அட்டை மாதிரி கூடவே வைத்திருப்பார்கள்.

"என்னட்டத் தாங்கோ. பத்திரமா வைச்சிருக்கிறன். என்ர பெட்டிக்கு நல்ல பூட்டு இருக்கு."

"ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர்ல மக வீட்டுக்குப் போகணும் மேடம்."

"ஒரு கடிதம் எழுதுங்கோ. பார்த்துச் சொல்லுறன்."

சந்திரன் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. சந்திரன் எழுந்து வெளியே போய்த் தவுக்கேயுடன் போனில் பேசினார். பதினொரு நிமிடம். திரும்பி வந்தபோது கையில் ஒரு சாவி இருந்தது.

"இந்தப் பையனுக்கு மட்டும் கொடுக்கலாம்னுட்டாரு. மூணு வாரம் லீவும் உண்டு. ஆனா அந்தக் கடுதாசிய அனுப்பக் கூடாது. ஒருத்தனுக்குத்தானே கேட்டீங்க, கிடைச்சிருச்சுல்ல? கிழிச்சிடுங்கண்ணே."

மேடம் என்னைப் பார்த்தார். "உங்கட அறிக்கை. நீங்கள் சொல்லுங்கோ."

நான் படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சந்திரன் சாவியை பிரேம் பகதூரிடம் கொடுத்தார். அவர் விடுதிக்குப் போனார். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பையோடு வந்தார். கடப்பிதழை என்னிடம் திறந்து காட்டினார். வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரை போகிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து வந்தது. ஏறினார். அதன் பிறகு கையெழுத்திட்டு மேடத்திடம் நீட்டினேன்.

"அனுப்பிடுங்க மேடம்."

சந்திரன் எழுந்து நின்றுவிட்டார். "தலையாட்டினீங்களேண்ணே!"

நான் ஆட்டவில்லை என்றேன். ஆட்டியிருக்கலாம். மேடத்திடம் பிறகு கேட்டேன். தான் அந்த நேரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

பச்சை சிவப்பானது. ஐந்து வாரம் சரக்கு நின்றது. ஓவர்டைம் போய்விட்டது என்று மூன்று தொழிலாளர்கள் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். அட்டையில் என் எண் இருந்ததே. ஆறாவது வாரம் சாவிகளை அவரவர் கையில் கொடுத்தார்கள். அன்று மேடமும் நானும் போய் எண்ணினோம், ஆணிகளை. எல்லாம் காலி. அடுத்த மாதம் சந்திரன் போன் செய்தார்.

"நாலு பேரு ஓடிட்டான். சொல்லிட்டேன். நீங்கதான் எண்ணிக்கை கேட்கிற ஆளாச்சே" என்று வைத்துவிட்டார். அண்ணே என்று கூப்பிடவில்லை.

பிரேம் பகதூருக்குப் புதன்கிழமைதான் விமானத்தில் இடம் கிடைத்தது. அன்று மாலை காட்மாண்டு. அங்கிருந்து அவருடைய ஊருக்கு ஒன்றரை நாள் பேருந்து. வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பதினான்காம் நாள்.

அடுத்த நாள் அங்கிருந்து கூப்பிட்டார். காரியத்தைத் தம்பி செய்துவிட்டானாம். வாசலில் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தார்களாம்.

"பரவாயில்லை அங்கிள். நீங்கள் உங்களால் முடிந்த அளவு வேகமாகச் செய்தீர்கள். யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்."

நன்றி என்று மூன்று தடவை சொன்னார். மூன்றையும் வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமையே மேடத்திடம் சொல்லியிருந்தால் இரண்டு வேலை நாள் வெள்ளியோடு முடிந்திருக்கும். வெள்ளி மதியமே சாவி கிடைத்திருக்கும். எப்படிக் கணக்குப் போட்டாலும் காரியத்துக்கு இரண்டு நாள் முன்னதாக அவர் வீட்டில் இருந்திருப்பார். நான் ஒரு நாளை மறைத்தேன். அது மூன்று நாளானது.

என் அறிக்கை தவறு என்று நான் கைப்பட எழுதிய அந்தப் படிவத்தைப் பிறகு பயிற்சிகளில் நேர்மைக்கு உதாரணமாகக் காட்டினார்கள். மேடம் ஓய்வு பெறும் வரை அதன் நகல் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதில் தகவல் கிடைத்த நாள் வியாழக்கிழமை என்று இருக்கும். போன் வந்தது புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம்.